பாதிரியார் வீட்டுக்கு வெறுங்காலோடு

என் தங்கை மகனுடைய கலியாணத்தைக் குழப்பியவன் நான்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள், சொன்னேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இதை என்னிடம் படிக்கும் பிள்ளைகளும், பத்திரிகையில் நான் எழுதும் பத்தியை அச்சுக் கோக்கும் மனிதரும் நன்றாக அறிவார்கள். என் தங்கை பரமேசுவரி மட்டும் எப்படியோ அறியாமல் இருந்துவிட்டாள்.

அவளுடைய மகன் தவராசன் இரணைமடுக் குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வாய்க்கால் வேலைக்குப் போனவன், அங்கே நாவலடிக்குளம் என்ற ஊரில் பூரணம் என்ற பள்ளிக்கூட ஆசிரியையைக் கண்டு, வாய்க்காலை வேண்டிய அளவுக்கு மேல் பலமுறை அளந்திருக்கிறான். பெரியவர்கள் பேசினார்கள். சாதகம் பொருந்தியது. அந்த நேரம் பார்த்துத் தரகர், பெண்ணின் குடும்பத்தை அந்த ஊரில் ‘பாதிரியார் வீடு’ என்று சொல்வார்கள் என ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே தங்கை கேட்டாள்: “அண்ணை, சைவச் சனத்துக்கு ஏன் பாதிரியார் வீடு எண்டு பேர்?”

இப்படியொரு கேள்விக்காக நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன். கையில் சோறு காயக் காயச் சொன்னேன். பாதிரி என்பது பறங்கிக்காரன், அதாவது போர்த்துக்கேயன், கொண்டுவந்த சொல், தகப்பன் என்று பொருள். முதலில் வந்தவர்கள் இப்போது நாம் பார்க்கிற வெள்ளை அங்கிக் குருமார் அல்ல. வெறுங்காலோடு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பிச்சை எடுத்துத் தின்ற துறவிகள். பிறகு புரட்டஸ்தாந்துக்காரனான ஒல்லாந்தன் வந்து துரத்த, அவர்கள் காடு கரம்பையெல்லாம் ஓடி ஒளித்தார்கள். இந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஒளித்த இடத்தில் சில பேர் தகப்பன் என்ற பட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உழைச்சும் இருக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தேன்.

தங்கை அகப்பையைக் கீழே வைத்தாள். “அப்ப அதுகள் பாதிரிக்குப் பிறந்த சந்ததியோ?”

“நான் அப்படிச் சொல்லேல்லை.”

“இப்பதானே சொன்னியள்!”

பின்னேரமே சம்பந்தம் வேண்டாமென்று தரகருக்கு ஆள் போய்விட்டது. அடுத்த முறை வீட்டுக்கு வந்த தவராசன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான். வாய் செய்த வேலையைக் கால்தான் சரிக்கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். யாழ்ப்பாணத்தான் காய்ச்சலுக்குக் கொய்னாக் குளிசையும் பாம்புக்குச் சப்பாத்தும் இல்லாமல் வன்னிக்குப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். பரமேசுவரி எனக்கு விபூதியும் பூசிவிட்டாள். கடல் கடந்து போகிறவனைப் போலத்தான் வழியனுப்பினாள்.

பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் ஒரு கருவாட்டுக் கடகம். அதன் மறுபுறத்தில் கழுத்தில் செபமாலையோடு ஒரு அம்மா. ஆனையிறவு தாண்டியதும் காற்று கடகத்தின் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. பேச்சுக் கொடுத்தால் வாசம் குறையும் என்ற நம்பிக்கையில், “உங்கட ஊர்ப் பாதிரியார் ஆர் அம்மா?” என்று கேட்டேன்.

“பாதிரியாரோ? எங்களுக்கு ஏது பாதிரியார்! எங்களுக்குச் சாமியார். பாதிரியார் எண்டு புரட்டஸ்தாந்துக்காரர்தான் சொல்லுறது. அவையின்ர பாதிரியாருக்குப் பெண்சாதியும் இருக்கு.” கடைசி வசனத்தைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னா.

வெளியே பரந்தன் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் யாரைக் குறித்து இங்கே வந்து இறங்கியதோ, அவர்களுடைய சபையே இப்போது அதைத் தங்களுடையது இல்லை என்கிறது. பின்னால் வந்த சபை அதை எடுத்து, பெண்சாதி பிள்ளைகளோடு குடியேற்றிவிட்டது. சைவர்களாகிய நாங்கள் அதைத் தாடி வளர்க்கிற பிள்ளைகளை ஏசுவதற்கு வைத்திருக்கிறோம். கயிறு கட்டிய அந்தப் பழைய ஆள் எங்கேதான் போனார்?

அன்று தவராசனின் விடுதியில் தங்கினேன். இரணைமடு நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான்கதவால் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் கதைப்பதானால் கத்த வேண்டும். கத்துகிற அளவுக்கு அவன் என்னோடு இன்னும் சமாதானமாகவில்லை. ஜப்பான் மீன் என்கிற குளத்துத் திலாப்பியாவை வாங்கித் தானே கறி வைத்திருந்தான். எங்கள் கடல் மீன் தின்று பழகிய நாக்குக்கு அது கொஞ்சம் சேற்றைக் கரைத்த மாதிரி இருந்தது.

“உப்புப் பாத்தனியோ?” என்று கேட்டேன்.

“பாக்கேல்லை.”

“போட்டனியோ?”

“போட்டது போலத்தான் கிடக்கு.”

கை கழுவும்போதுதான் அவன் முதல் முறையாக முழு வசனம் பேசினான். “மாமா, பூரணத்தை இன்னொரு இடத்திலயும் கேட்டு வந்திருக்கினம். வாற கிழமை அவளின்ர தகப்பன் அவையளுக்கு மறுமொழி சொல்லப் போறாராம். நான் வரேலாது, குளத்தை விட்டிட்டு அசைய விடமாட்டினம். நீங்கள் அங்க போய் என்ன கதைக்கப் போறியள்?”

“கொஞ்சம்தான் கதைப்பன்.”

“அதுதான் பயமாக் கிடக்கு.”

அவன் பயப்பட ஒன்றுமில்லை என்றே நான் நினைத்திருந்தேன். என் பையில் ஒரு மரம் இருந்தது. பாதிரி என்று ஒரு பூமரம் உண்டல்லவா? பழைய பாட்டிலும் உண்டு, கோயில்களில் தலமரமாகவும் உண்டு. இதைவிடச் சைவமான மரம் கிடைக்காது. அந்த வீட்டு வாசலில் ஒரு காலத்தில் பாதிரி மரம் நின்றது, அதனால் பாதிரியார் வீடு ஆயிற்று என்று நான் ஒரு கதை கட்டிவிட்டால் பரமேசுவரி மறுவார்த்தை பேசமாட்டாள். உண்மையா என்று கேட்டால் இல்லை. அழகாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. பத்தி எழுதுகிறவனுக்கு அது போதும்.

மறுநாள் வற்றாப்பளைக்குக் கிட்ட பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. நாவலடிக்குளத்துக்குப் போகிற பாதையில் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. நல்ல வேளையாகக் காசிம் நானாவின் மாட்டு வண்டி வந்தது. முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிற அவர், மண்ணெண்ணெயும் சீத்தைத் துணியும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போவாராம்.

“ஐயா எங்க போறியள்?”

“பாதிரியார் வீட்டுக்கு.”

“மாடு வாங்கவோ?”

“இல்லை, ஒரு கலியாண விசயமா.”

“அதுவும் நல்ல விசயம்தான்” என்றார். சற்றுப் போனபின், “ஆனா மாடு நல்ல மாடு” என்றார்.

அந்த வீட்டுக்கு ஏன் அப்படிப் பெயர் என்று அவரிடமும் கேட்டேன். “அங்க ஒரு பெரியவர் அடங்கியிருக்கிறார். நாங்களும் அந்த இடத்தால போகேக்க ஒரு இலைக்கொத்து முறிச்சுப் போட்டிட்டுத்தான் போவம். எங்கட ஆக்களில சில பேர் அவரை அவுலியா, இறைநேசர் எண்டும் சொல்லுவினம்.” மரத்தை நட வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஆள் படுத்திருக்கிறார்.

மதகடியில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஓடியது. சப்பாத்தைக் கழற்றி, கயிற்றால் வண்டியின் பின்பக்கம் கட்டிவிட்டு இறங்கித் தள்ளினேன். வண்டி ஒருமுறை சரிந்தது, நான் இருமுறை விழுந்தேன். மறுகரையில் ஏறிப் பார்த்தபோது கயிறு கட்டிய இடத்தில் பத்திரமாகத் தொங்கியது. சப்பாத்து இரண்டையும் காணவில்லை. காசிம் நானா கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

“முடிச்சு நல்ல முடிச்சு ஐயா. சப்பாத்துத்தான் சரியில்லை.”

ஆகவே, பெண் வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் சால்வையைச் சுற்றி, முழங்கால் வரை சேற்றோடு வெறுங்காலில் நின்றேன். வீட்டுக்காரர் கதிர்காமர் மாட்டுப் பட்டியிலிருந்து வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. அவருடைய மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினா. காலையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா. அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் ஊரில் வேலி அடைத்துவிட்டுத்தான் வீடு கட்டுவார்கள். இங்கே வேலி என்று ஒன்றும் இல்லை. மாடுகள் எங்கே முடிகின்றன, காடு எங்கே தொடங்குகிறது என்று வந்தவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களூரில் வந்தவனை யார் பகுதி, எந்த இடம் என்று துருவிய பிறகுதான் தேத்தண்ணி வரும். இவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், அதன் மேல் எருமைத் தயிரும் தேனும். நான் வெட்கத்தைப் பையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

“மச்சம் மாமிசம் இல்லையெண்டு நினையாதேங்கோ” என்றார் கதிர்காமர். “வெள்ளிக்கிழமை. அவருக்காக இண்டைக்கு இந்த வீட்டு அடுப்பில மச்சம் ஏறாது.”

அந்த ‘அவர்’ யார் என்று கேட்காமல் மரத்தை எடுத்து வெளியே வைத்தேன். தங்கையின் பயத்தைச் சொன்னேன், அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான் என்பதையும் சொன்னேன். பிறகு பூவின் நிறம், பாட்டு, தலமரம் எல்லாம் வந்தன. “நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஓம் எண்டு சொன்னால் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்” என்று முடித்தேன்.

கதிர்காமர் வெற்றிலையை மென்று முடித்தார்.

“அந்த மரம் காட்டுக்குள்ள நிக்குது ஐயா, நானும் கண்டிருக்கிறன். எங்கட வாசலில வந்து நிண்டது மனுசன்” என்றார். “என்ர பிள்ளைக்கு உங்கட மருமகனைத்தான் விருப்பம். எனக்கும் விருப்பம். ஆனா அவரை மரமாக்கிப்போட்டு ஒரு கலியாணம் எனக்கு வேண்டாம்.”

நான் வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பூரணம் முந்திக்கொண்டாள். வெளியே வந்து, தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மாமா, மரம் எண்டு சொன்னால் உங்கட தங்கச்சி சம்மதிப்பா. நானும் வருவன். வரேக்க என்னோட கயிறும் வரும். இது என்ன கயிறு எண்டு மாமி கேட்டா, மரத்துக்கு ஏன் கயிறு எண்டு நான் என்ன சொல்லுறது?”

“கயிறோ? என்ன கயிறு?”

“காட்டுறன் வாருங்கோ” என்று கதிர்காமர் எழுந்தார்.

பட்டிக்குப் பின்னால், வீரை மரத்தடியில் ஒரு கல். சிலுவையும் இல்லை, சூலமும் இல்லை. போகிறவர் வருகிறவர் முறித்துப் போட்ட பச்சைக் கொத்துகள் குவிந்து கிடந்தன. நானும் ஒரு கொத்து முறித்துப் போட்டேன். போடாமல் விடலாம் என்று அந்த இடத்தில் யாருக்கும் தோன்றாது. கல்லைச் சுற்றி புதிதாகத் திரித்த ஒரு கயிறு கிடந்தது. அதன் நுனியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முடிச்சு.

“ஒல்லாந்தன் துரத்தின காலமாம்” என்றார் கதிர்காமர். “காய்ச்சலோட இந்தப் பட்டியில வந்து விழுந்து கிடந்தாராம். வெறுங்கால். எங்கட ஆக்கள் ஆரெண்டு கேட்டதுக்கு நெஞ்சில கையை வைச்சுப் பாதிரி எண்டு ஒரு சொல்லுச் சொன்னாராம். அதைத்தான் பேராக்கிப்போட்டினம். அவற்ர சொந்தப் பேர் ஆருக்கும் தெரியாது. கிறிஸ்து வேதத்துக்கு ஆள் சேக்க வந்தவர் எண்டுதான் வெளியில சொல்லுகினம். எங்களைச் சேக்கேல்லை. சேக்கிறதுக்கு அவருக்கு வலுவும் இல்லை.”

“கயிறு?”

“ஒரு பசு கண்டுக்குட்டி போட ஏலாமல் அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டதாம். கண்டின்ர காலில கட்டி இழுக்கக் கயிறு இல்லை. இவர் கிடந்த இடத்தில கிடந்து, இடுப்பில இருந்ததை அவிட்டுக் குடுத்தாராம். பசுவும் தப்பீட்டுது, கண்டும் தப்பீட்டுது. அவர் தப்பேல்லை. அண்டு தொடக்கம் இந்த வீட்டுப் பொம்பிளைப்பிள்ளை கலியாணம் முடிச்சுப் போகேக்க ஒரு பசுவும், அவள் தன்ர கையால திரிச்ச மூண்டு முடிச்சுக் கயிறும் கூடப் போகும். அதை விட்டிட்டு ஒரு பிள்ளையும் வாசல் தாண்டினதில்லை.”

நான் குனிந்து முடிச்சுகளை இன்னொருமுறை எண்ணினேன். அந்தத் துறவிகள் இடுப்பில் கட்டிய கயிற்றில் மூன்று முடிச்சு இருக்கும். மூன்றும் அவர்கள் எடுத்த மூன்று விரதங்கள். புத்தகத்தில் படித்த அந்தக் கயிறு, ஆளும் சபையும் பெயரும் போனபிறகும், காட்டுக்குள் ஒரு மாட்டுப் பட்டியில் முடிச்சுப் பிசகாமல் கிடக்கிறது. பஸ்ஸில் நான் தேடிய பழைய ஆள் இங்கேதான் இருந்தார். சபைகள் கைமாற்றிய சொல்லை இந்தச் சைவ வீடுதான் அதற்குரிய ஆளிடமே விட்டுவைத்திருக்கிறது.

“முடிச்சு மூண்டுக்கும் ஏதும் கருத்து இருக்கோ?” என்று கேட்டேன்.

“மூண்டு முடிச்செண்டால் மூண்டு முடிச்சுத்தான்” என்றார் கதிர்காமர். “ஐயாவுக்கு ஏதும் தெரியுமோ?”

தெரியும். முதலாவது வறுமை. இரண்டாவது பிரமச்சரியம். மூன்றாவது கீழ்ப்படிவு. கலியாணம் பேச வந்த இடத்தில், கலியாணத்துக்காகவே திரித்த கயிற்றின் நடு முடிச்சைப் பற்றி நான் என்னவென்று சொல்வது? சொல் தொண்டை வரை வந்தது. பூரணத்தைப் பார்த்தேன். அவள் கல்லில் கிடந்த காய்ந்த கொத்துகளை ஒதுக்கி, கயிற்றை நேராக்கிக்கொண்டிருந்தாள். தெரிந்த ஒன்றை நான் வாயை மூடி விழுங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“தெரியாது” என்றேன்.

“அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ மாமா” என்றாள் பூரணம். “எனக்கு அவரைக் கட்ட விருப்பம். அதை நான் மறைக்கேல்லை. இதையும் மறைக்க மாட்டன். மாமிக்குப் பிடிக்காட்டில்...” மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கதிர்காமர் காட்டைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அங்கேயே தங்கினேன். சனிக்கிழமை காலை புட்டோடு மரை இறைச்சி வத்தல் பொரியல் வந்தது. முந்தின நாள் விரதத்துக்கெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டேன். புறப்படும்போது கதிர்காமரின் மனைவி, மாட்டுத்தோலில் தைத்த ஒரு சோடி செருப்பைக் கொண்டுவந்து வைத்தா. கொஞ்சம் பெரிது, நடந்தால் தபதபவென்று அடித்தது. ஆனால் மதகைத் தாண்டும்போது காலை விட்டுப் போகவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு வழக்கறிஞருக்குரிய வாதம் தயாராகியிருந்தது. பரமேசுவரி சமைக்கிறது குசினியில். உட்காருகிறது கதிரையில். சேலை வைத்திருக்கிறது அலுமாரியில். நான் தொலைத்தது சப்பாத்து. எல்லாம் பறங்கிக்காரன் விட்டுப்போன சொல். தளபாடங்களையெல்லாம் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, அதே கப்பலில் வந்த ஒரு காய்ச்சல்கார மனுசனை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறோம்? நல்ல வாதம். இரண்டு பத்திக்குக் காணும்.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, குசினியிலிருந்து தொடங்கினேன். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணை, வளைக்காமல் சொல்லுங்கோ. அதுகள் பாதிரிக்குப் பிறந்த சனமோ, இல்லையோ?”

“இல்லை. காய்ச்சலோட வந்து அவையின்ர பட்டியில செத்துப்போன ஒரு மனுசன். அதுகள் எடுத்து அடக்கம் செய்து, இண்டை வரைக்கும் மரியாதை செய்யுதுகள்.”

“சைவந்தானே?”

“வெள்ளிக்கிழமை அடுப்பில மச்சம் ஏறாது.”

“மற்ற நாளில?”

“சனிக்கிழமை விடியவே நான் வெளிக்கிட்டிட்டன்” என்றேன்.

பிறகு கயிற்றைச் சொன்னேன். மரத்தைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்: கயிறு வராமல் தான் வரமாட்டாள். இந்த இடத்தில் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். தங்கை வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“கயிறோட பசுவும் வரும் எண்டு சொன்னியளல்லோ?”

“ஓம்.”

“கறவைப் பசுவோ?”

“அந்தப் பக்கத்தில மாடு நல்ல மாடு எண்டு ஒரு வியாபாரி சொன்னவர்.”

இன்னும் கொஞ்ச நேரம் சுருட்டினாள். “சரி. கயிறு மாட்டுக்கொட்டிலில கிடக்கட்டும். சாமியறைப் பக்கம் வரக்கூடாது. தவராசனை ஒருக்கா வரச்சொல்லுங்கோ, பிள்ளை மெலிஞ்சுபோனான்.”

என் வாதம் முழுவதும் தொண்டையில் அப்படியே இருந்தது. அந்த மனிதர் வந்து கிடந்ததே மாட்டுப் பட்டியில்தான். கேட்டிருந்தால் அவரும் அந்த இடத்தைத்தான் கேட்டிருப்பார்.

மற்ற இடத்துக்கு மறுமொழி போகுமுன்னே எங்கள் சம்மதம் கதிர்காமருக்குப் போய்ச் சேர்ந்தது. கலியாணம் நன்றாக நடந்தது. பசு வந்தது, கயிறும் வந்தது. ஒருநாள் பின்னேரம் கொட்டிலில் பூரணம் பால் கறந்துகொண்டிருந்தாள். கயிறு கூரை வளையில் தொங்கியது. அதற்கு யாரோ ஒரு செவ்வரத்தம்பூவும் சொருகியிருந்தார்கள். அது என் தங்கை வீட்டு மரத்துப் பூ. யாரென்று நான் கேட்கவில்லை.

“கோவியாதேங்கோ மாமா” என்றாள் பூரணம். “எங்கட ஊரில உங்களுக்கும் பாதிரியார் எண்டுதான் பேர் வைச்சிருக்கினம். நீங்கள் வெறுங்காலோட வாசலில வந்து நிண்டதைக் கண்ட உடனயே அம்மா அப்பிடித்தான் நினைச்சவவாம்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எவ்வளவு பெரிய மரியாதை! அந்தக் கல்லடிக்குக் கிட்ட எனக்கும் ஓர் இடம். அந்தச் சொல் நடந்துவந்த பாதையில் நானும் ஒரு கட்டம் என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

அவள் பால் செம்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள். “ஆனா குழம்பக்கூடாது எண்டு ‘கதைக்காரப் பாதிரியார்’ எண்டுதான் சொல்லுறவை, மாமா. கல்லடியில கிடக்கிற மற்றவர் ஒரு சொல்லோட நிப்பாட்டினவரல்லோ.”